துளை அடைத்துக்கொண்ட கதை

அன்புள்ள சேகர்,

உங்கள் டர்பைன் புகையைச் சுத்தம் செய்ய எந்தக் காட்டலிஸ்ட் (வினையூக்கி) வைக்கலாம் என்று கேட்ட உன் கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. இந்த முறை சோம்பலைக் காரணம் சொல்ல மாட்டேன். அம்மோனியாதான் என்னைப் பிடித்து வைத்திருந்தது.

எங்கள் டர்பைன் புகையில் நாக்ஸ், அதாவது நைட்ரஜன் ஆக்சைடுகள், 5 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் ஐந்து பங்கு) தாண்டக் கூடாது. அதை அழிக்கத்தான் காட்டலிஸ்டுக்கு முன்னால் புகையில் அம்மோனியா தெளிக்கிறோம். திடீரென்று 7 காட்டியது. ஒரு நைட்ரிக் ஆக்சைடு மூலக்கூறுக்கு ஓர் அம்மோனியா மூலக்கூறு, காட்டலிஸ்டின் மேல் இரண்டும் சேர்ந்து நைட்ரஜனும் நீராவியுமாகப் போய்விடும் என்பதுதானே கணக்கு? அம்மோனியாவைக் கூட்டினோம். நாக்ஸ் அசையவில்லை, சிம்னியில் அம்மோனியாதான் ஏறியது. காட்டலிஸ்ட் செத்துவிட்டது, மாற்றிவிடுங்கள் என்றார் அதை விற்றவர். விற்கிறவர் வேறென்ன சொல்வார்!

எனக்கு மனசு ஒப்பவில்லை. காட்டலிஸ்டுக்குப் பின்னால் குறுக்காகப் பல இடங்களில் புகையை இழுத்து அளந்தோம். இடப்பக்க மேல் மூலையில் நாக்ஸ் வந்தபடியே போகிறது, அம்மோனியா துளியும் இல்லை. வலப்பக்கம் கீழே அம்மோனியா மிஞ்சி வழிகிறது. அடுத்த ஷட்டவுனில் உள்ளே இறங்கி, டார்ச் அடித்துப் பார்த்தேன். தெளிப்புக் குழாய்களில் ஒரு வரிசைத் துளைகள் முழுக்கத் துருத்தூள். கம்பியால் குத்தினேன், பொலபொலவென்று கொட்டியது. அப்புறம் ஒவ்வொரு குழாயின் வால்வையும் திருகித் திருகிச் சரிசெய்ய இரண்டு நாள். இப்போது முன்னைவிடக் குறைந்த அம்மோனியாவிலேயே நாக்ஸ் 4-க்குள் நிற்கிறது.

ஆனால் அதற்குள் மிஞ்சிய அம்மோனியா, புகையிலிருக்கும் கந்தக ட்ரையாக்சைடோடு சேர்ந்து, புகையின் சூட்டில் ஓடும் எங்கள் பாய்லரின் குளிர்ந்த கோடிக் குழாய்களில் பிசுபிசுவென்று உப்பாகப் படிந்துவிட்டது. அதைக் கழுவுகிற வேலை இன்னும் பாக்கி.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். உங்களுடையது பாய்லர் இல்லாத டர்பைன் என்கிறாய். வனேடியம்-டைட்டானியா காட்டலிஸ்டுக்கு 300 முதல் 400 டிகிரி வரைதான் சுகம். சூட்டை இழுத்துக்கொள்ள பாய்லர் இல்லாததால் உங்கள் புகையோ பெரும்பாலும் 500-ஐத் தாண்டித்தான் வரும். ஃபேன் வைத்து வெளிக்காற்றைக் கலந்து ஆற்ற வேண்டும், இல்லையென்றால் சூடு தாங்கும் ஜியோலைட் (நுண்துளைக் கனிமம்) வகைக் காட்டலிஸ்டுக்குப் போக வேண்டும். நானாக இருந்தால் ஜியோலைட்தான். ஃபேன் நின்ற அன்று டர்பைனும் நிற்கும். கார்பன் மோனாக்சைடை எரிக்கும் பிளாட்டினம் அடுக்கையும் வைப்பதானால், அம்மோனியாவை அதற்குப் பிறகு தெளியுங்கள். முன்னால் தெளித்தால் அம்மோனியாவே எரிந்து நாக்ஸாகிவிடும்.

முழு லோடில் உங்கள் புகை எத்தனை டிகிரி? அதை எழுது, மேலே பேசுவோம்.

அன்புடன்,
ரவி