அஞ்சு லீட்டர் கணக்கு

அன்பு மகளுக்கு,

தீபாவளி முடிந்து நீ கொழும்புக்குத் திரும்பும்போது கினிகத்தேனை சித்தி வீடு வரைக்கும் உன் காரில் வந்தோமே, அப்போதே சொல்லியிருக்க வேண்டியது இது. நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் பின்சீட்டிலிருந்து அம்மா என் தோளைக் கிள்ளினாள். பிள்ளை தன் காசில் வாங்கிய கார், ஒன்றும் சொல்லக்கூடாது என்று முதல் நாளே எனக்கு உத்தரவு. ஃபோனில் சொன்னால் நீ “சரிப்பா, சரிப்பா” என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

சம்பளத்தில் பாதி லீசிங்குக்கும் மிச்சத்தில் பாதி பெற்றோலுக்கும் போகிறது என்றாய். லீசிங்குக்கு என்னிடம் மருந்து இல்லை. பெற்றோலுக்குக் கொஞ்சம் இருக்கிறது.

ஹட்டனிலிருந்து கினிகத்தேனை வரைக்கும் நீ 41 தடவை பிரேக் மிதித்தாய். எண்ணிக்கொண்டேதான் வந்தேன். ஒரு வளைவு முடிந்த உடனே அக்சிலேட்டரை அழுத்துகிறாய், கார் பாய்கிறது, அடுத்த வளைவு கண்ணில் பட்டதும் பிரேக். பெற்றோலை எரித்துச் சேர்த்த வேகத்தை அடுத்த நிமிஷமே பிரேக்கில் சூடாக்கிக் காற்றில் விடுகிறாய். அந்த இறக்கத்தில் மலையே காரை இழுத்துக்கொண்டு போகும், உன் கால் அக்சிலேட்டர் பக்கமே போக வேண்டியதில்லை.

வட்டவளை தாண்டி நீ நியூட்டரில் போட்டபோது மட்டும் அம்மாவின் கிள்ளலையும் மீறிக் கத்திவிட்டேன். ஆபீசில் யாரோ சொல்லித் தந்தார்கள் என்றாய். அது கார்புரேட்டரில் பெற்றோல் கலந்த பழைய கார் காலத்துப் பேச்சு. உன்னுடையது இஞ்செக்‌ஷன் இஞ்சின். கியரில் வைத்துக்கொண்டே காலை எடுத்துவிட்டால் சக்கரம்தான் இஞ்சினைச் சுற்றுகிறது, உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர் பெற்றோலை நிறுத்திவிடும். இஞ்சின் சுற்று நன்றாக இறங்கிய பிறகுதான் மறுபடி விடும். நியூட்டரில் போட்டால் இஞ்சின் அணையாமல் இருக்கவே பெற்றோல் குடித்துக்கொண்டிருக்கும். ஆக, மிச்சம் பிடிக்கப் போய்ச் செலவுதான்.

செலவு கிடக்கட்டும். நானும் ஒரு காலத்தில் அப்படி விட்டவன்தான். தோட்டத்து லொறியில் தேயிலை மூட்டை ஏற்றிக்கொண்டு கினிகத்தேனையிலிருந்து கித்துல்கல பக்கம் இறங்குகிறேன். நியூட்டரில் இரண்டு மைல் வந்திருப்பேன், எரிந்த வாடை மூக்கில் ஏறியது. பிரேக்கை மிதித்தால் பஞ்சை மிதிக்கிற மாதிரி கால் உள்ளே போகிறது. எப்படியோ இரண்டாம் கியரைத் திணித்து, மண்மேட்டில் உரசி நிறுத்தினேன். கிளீனர் பையன் இறங்கி ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். அம்மாவுக்கு இன்றுவரை இது தெரியாது. தெரியவும் வேண்டாம்.

அதற்குப் பிறகும் நான் எண்ணெய் விஷயத்தில் திருந்தவில்லை. டீசல் தோட்டத்துடையது, எனக்கென்ன? திருந்தியது 2022இல், ஆட்டோ ஓட்டும்போது. அந்த ஜூன் கடைசியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீட்டர் 470 ரூபா, அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. ஹட்டன் பெற்றோல் செட் வரிசையில் இரண்டு இரவு ஆட்டோவுக்குள்ளேயே சுருண்டு கிடந்தேன். அடுத்த மாதம் கியூ.ஆர். குறியீட்டைக் காட்டி அளவாக வாங்கும் முறை வந்தது, ஆட்டோவுக்கு வாரம் 5 லீட்டர். முதல் வாரம் 112 கிலோமீட்டரில் டேங்க் காலி. மிச்ச நாள் வீட்டில் உட்கார்ந்து அம்மாவிடம் பேச்சு வாங்கினேன். அப்புறம்தான் ஒரு கொப்பியில் எழுத ஆரம்பித்தேன். டயருக்குக் காற்றுப் பார்த்தேன், ஆள் இறங்கிக் கடைக்குப் போனால் இஞ்சினை நிறுத்தினேன், த்ரொட்டிலை முறுக்குவதை விட்டேன். மூன்றாம் வாரம் அதே 5 லீட்டரில் 134 கிலோமீட்டர். கூடுதலாக வந்த 22 கிலோமீட்டரும் பெரும்பாலும் என் வலது கையிலிருந்து வந்தது. உனக்கு அது வலது கால்.

மெதுவாக ஓட்டு என்றால் ஊர்ந்து போ என்று அர்த்தம் இல்லை. கித்துல்கலயிலிருந்து ஏறும்போது நான்காம் கியரிலேயே பிடிவாதமாக வைத்து இஞ்சினைத் திணறவிட்டாலும் பெற்றோல்தான் போகும். திணறல் தெரியும் முன்பே மூன்றுக்கு இறக்கி, காலை ஒரே அளவில் வைத்துக்கொள். வேகம் கொஞ்சம் குறைந்தால் குறையட்டும். பின்னால் வேன்காரன் ஹோர்ன் அடித்தால் இடம் பார்த்து அவனைப் போகவிடு, அவன் பெற்றோலுக்கு நீ காசு கொடுக்கப் போவதில்லை. இறங்கும்போது, ஒடுக்கமான இடத்தில் எதிரே ஏறி வருகிறவனுக்கு நீ நின்று வழிவிடு. ஏற்றத்தில் நின்று மறுபடி கிளம்புவது எவ்வளவு பாடு என்று லொறி ஓட்டியவனுக்குத் தெரியும்.

கொழும்பில் வளைவு இல்லை, சிக்னல் இருக்கிறது. தூரத்தில் சிவப்பு தெரிந்தால் அங்கேயே காலை எடு. உருண்டு போய்ச் சேர்வதற்குள் பச்சை விழுந்தால் லாபம், நின்ற காரைக் கிளப்பத்தான் அதிகம் குடிக்கும். தோழிக்காகக் காத்திருக்கும்போது ஏ.சி. போட்டு உட்கார்ந்திருக்காதே, சின்னக் காரே சும்மா நின்றால் மணிக்கு அரை லீட்டர் அளவில் தின்றுவிடும். டிக்கியில் இரண்டு தண்ணீர் கேன், ஒரு மூட்டை பழைய புத்தகம் பார்த்தேன். இறக்கி வை. அம்மா கட்டித் தருகிற லீக்ஸும் உருளைக்கிழங்கும் பாரம்தான், ஆனால் அதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

ஒரு கொப்பி வாங்கு. டேங்கை நிரப்பி மீட்டரை எழுது. அடுத்த முறை அதே செட்டில் நிரப்பும்போது ஓடிய கிலோமீட்டரை ஊற்றிய லீட்டரால் பிரி. நாலு தடவை எழுதினால் உன் கால் உனக்கே கணக்குச் சொல்லும்.

தைப்பொங்கலுக்கு வருவாய்தானே? திரும்பும்போது நானும் கினிகத்தேனை வரைக்கும் வருகிறேன், கொப்பியைக் காட்டு. அம்மாவை மட்டும் இந்த முறை உன் சீட்டுக்குப் பின்னால் உட்கார வை. அங்கிருந்து அவள் கை எனக்கு எட்டாது.

அன்புடன்
அப்பா