வியட்நாமுக்குத் தர வேண்டிய பாக்கி

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். அதிபர் மாறும்போதெல்லாம் அமெரிக்காவின் வெளியுறவுக் கொள்கையும் மாறிவிடுகிறது என்று சென்ற இதழ்க் கட்டுரை சொல்கிறது. வியட்நாம் விஷயத்தைப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

1945 செப்டம்பர் 2 அன்று ஹனோயில் பிரான்ஸின் ஆட்சியிலிருந்து விடுதலையை அறிவித்த வியட்நாம் கம்யூனிஸ்ட் தலைவர் ஹோ சி மின், அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தின் வரிகளைச் சொல்லித்தான் தொடங்கினார். ஆதரவு கேட்டு அமெரிக்க அதிபர் ட்ரூமனுக்கு எழுதிய கடிதங்களுக்குப் பதிலே வரவில்லை. அமெரிக்காவுக்கு ஐரோப்பாவில் பிரான்ஸின் தயவு வேண்டியிருந்தது. 1949இல் சீனா கம்யூனிஸ்டுகளின் கைக்குப் போன பிறகு, வியட்நாமில் பிரான்ஸ் நடத்திய போருக்குப் பெருமளவு செலவு செய்ததே அமெரிக்காதான். 1965 மார்ச்சில் அதன் படையே டா நாங் கடற்கரையில் இறங்கியது. கென்னடி, ஜான்சன், நிக்சன் என்று அதிபர்களும் ஆளும் கட்சியும் மாறின; குண்டுவீச்சு தொடர்ந்தது.

1975இல் போர் முடிந்து வியட்நாம் முழுவதும் கம்யூனிஸ்டுகளின் கைக்குப் போனதும், வடக்கின் மீதிருந்த வர்த்தகத் தடையை அமெரிக்கா நாடு முழுவதற்கும் விரித்தது; அதை 1994இல் கிளிண்டன் விலக்கினார். மறு ஆண்டு தூதரக உறவு ஏற்பட்டது. ஆயுத விற்பனைத் தடையை 2016இல் ஒபாமா நீக்கினார். டிரம்ப் காலத்தில், 2018இல், கார்ல் வின்சன் விமானந்தாங்கிக் கப்பல் அதே டா நாங்குக்கு விருந்தாளியாக வந்தது. 2023இல் பைடனே ஹனோய்க்குப் போனார். தென்சீனக் கடலில் சீனாவின் கை ஓங்க ஓங்க, வியட்நாமின் நட்பு வாஷிங்டனுக்குத் தேவைப்பட்டது. அங்கே இன்றும் ஆள்வது அதே கம்யூனிஸ்ட் கட்சிதான். அது இப்போது யாருக்கும் உறுத்தவில்லை.

என் மனம் ஆறாதது வேறொன்றில். 1961 முதல் 1971 வரை ஏஜென்ட் ஆரஞ்சு உள்ளிட்ட களைக்கொல்லிகளை 7 கோடி லிட்டருக்கு மேல் வியட்நாமின் காட்டிலும் வயலிலும் அமெரிக்கப் படையினர் தெளித்தார்கள். அதன் பீப்பாய்களை அடுக்கிவைத்திருந்த டா நாங் விமானதளத்தில், அதிலிருந்த டையாக்சின் என்ற கொடிய நச்சு மண்ணோடு ஊறிப்போனது. அதைச் சுத்தப்படுத்தும் வேலையை அமெரிக்கா தொடங்கியது 2012இல். மண்ணைத் தோண்டிக் குவித்து, 335 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றி விஷத்தை முறித்தார்கள். நல்ல வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் போர் முடிந்து 37 ஆண்டுகள் அந்த மண்ணுக்குப் பக்கத்தில் மக்கள் குடியிருந்தார்கள், குளத்து மீனைப் பிடித்துச் சாப்பிட்டார்கள். இதைவிடப் பெரிய வேலை தெற்கே பியன் ஹோவா விமானதளத்தில் நடக்கிறது. 2025 தொடக்கத்தில் டிரம்ப் அரசு வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தபோது அதுவும் சில வாரங்கள் நின்றுபோனது.

அந்தக் களைக்கொல்லியால் நோயுற்ற அமெரிக்க வீரர்களுக்கு 1991 முதல் சட்டப்படி உதவித்தொகை உண்டு. அதைத் தயாரித்த நிறுவனங்கள் மீது வியட்நாமியர் போட்ட வழக்கை நியூயார்க் நீதிமன்றம் 2005இல் தள்ளுபடி செய்தது. மாற்றுத்திறனாளிகளுக்கான உதவி என்று அமெரிக்கப் பணம் வியட்நாமுக்குப் போகிறது; நஷ்டஈடு என்று ஒரு டாலர்கூடப் போகவில்லை. இது பெரிய அநியாயம்.

ஒப்பந்தங்களையும் தலைவர்களின் பயணங்களையும் விரிவாகச் சொன்ன கட்டுரையில் இந்த மக்களைப் பற்றி ஒரு வரி இல்லை. அவர்களைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்றை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், தஞ்சாவூர்