முடிவு நாள் இல்லாத சட்டம் வேண்டாம்: நெல்லைச் சீமையின் மக்களவை உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி தொகுதிகளின் மதிப்பிற்குரிய மக்களவை உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நாட்டில் எங்கேனும் குண்டு வெடித்து அப்பாவிகள் உயிரிழக்கும்போதெல்லாம், இருக்கிற சட்டம் போதாது, இன்னும் கடுமையானது வேண்டும் என்ற குரல் எழுகிறது. அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் கோபம் ஆறுவதற்குள் இயற்றப்படும் சட்டம், அது ஆறிய பின்னும் பல்லாண்டுகள் நம்மோடு இருந்துவிடுகிறது. 2008 நவம்பரில் மும்பை தாக்கப்பட்டது. டிசம்பரிலேயே 'உபா' எனப்படும் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்டு, குற்றப்பத்திரிகை இல்லாமலே ஒருவரை 180 நாள் வரை காவலில் வைக்கவும், பிணை கிடைப்பதை மிக அரிதாக்கவும் வழி செய்யப்பட்டது. அந்த விதிகள் இன்றும் நடைமுறையில் உள்ளன.

முன்பு இப்படி இல்லை. 1985இல் வந்த தடா எனும் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்துக்கு ஆயுட்காலம் வகுக்கப்பட்டிருந்தது. நாடாளுமன்றம் அதை நீட்டிக்காததால் 1995இல் அது தானாகவே காலாவதியானது. 2002இல் வந்த பொடா எனும் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்துக்கும் மூன்றாண்டு என்ற வரம்பு இருந்தது. 2004இல் பொடாவை நீக்கியபோது அதன் விதிகள் பலவற்றை 1967ஆம் ஆண்டின் உபாவுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அந்த மூன்றாண்டு வரம்பை மட்டும் சேர்க்கவில்லை. பொடா ஒழிந்தது என்று அன்று மகிழ்ந்தவர்களில் எத்தனை பேர் இதைக் கவனித்தார்களோ! விசாரணை ஏதுமின்றித் தனிமனிதர் ஒருவரைப் பயங்கரவாதி என அரசே அறிவிக்கலாம் என்ற 2019ஆம் ஆண்டுத் திருத்தமும் முடிவு நாள் இல்லாமலேதான் வந்தது.

இந்தச் சட்டங்கள் யார் மேல் பாயும் என்பதை நம் சீமைக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. கலிங்கப்பட்டிக்காரரான வைகோ, 2002இல் பொடாவை நாடாளுமன்றத்தில் ஆதரித்தவர். அதே ஆண்டு ஜூலையில், திருமங்கலத்தில் பேசிய ஒரு பேச்சுக்காக அதே பொடாவில் கைதாகி, 2004 பிப்ரவரியில் பிணை கிடைக்கும் வரை வேலூர்ச் சிறையில் இருந்தார். அவருடைய அரசியல் நமக்கு உடன்பாடா இல்லையா என்பது வேறு செய்தி. அன்று மத்தியில் ஆண்ட கூட்டணியைச் சேர்ந்த ஒரு மக்களவை உறுப்பினருக்கே அந்த நிலை என்றால், இடிந்தகரையில் வலை உலர்த்துகிறவருக்கு என்ன காப்பு? கூடங்குளம் அணுமின் நிலையத்தை எதிர்த்த அவ்வூர் மக்கள் ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோக வழக்குகள் பதியப்பட்டதையும், வழக்குகளைத் திரும்பப் பெற முயலுமாறு 2013இல் உச்ச நீதிமன்றமே சொல்ல நேர்ந்ததையும் நீங்கள் அறிவீர்கள். அது பயங்கரவாதச் சட்டம் அன்று. எனினும் அகலமான சொற்களில் எழுதப்பட்ட சட்டம் களத்தில் எப்படி விரியும் என்பதற்கு அதைவிட அருகில் ஒரு சான்று நமக்கு இல்லை.

2024 ஜூலை முதல், இந்திய தண்டனைச் சட்டத்துக்கு மாற்றாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 113ஆம் பிரிவும் பயங்கரவாதச் செயலைக் குற்றமாக்குகிறது. வழக்கை அதில் பதிவதா, உபாவில் பதிவதா என்பதைக் காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியே முடிவு செய்வார். உபாவில் நீதிமன்றம் வழக்கை ஏற்குமுன் அரசின் முன் அனுமதி வேண்டும், அதற்குமுன் சான்றுகளைத் தனி அதிகார அமைப்பு ஒன்று பரிசீலிக்க வேண்டும். 113ஆம் பிரிவுக்கு அத்தகைய ஏற்பாடு இல்லை. இவ்வளவு பெரிய முடிவு ஒரே ஓர் அதிகாரியின் மேசையில் முடிந்துவிடுவது சரியன்று.

ஆகவே, அடுத்து இத்தகைய மசோதா எதுவும் அவைக்கு வந்தால், நீங்கள் எந்தக் கட்சியின் வரிசையில் அமர்ந்திருந்தாலும், அது ஐந்தாண்டுகளில் காலாவதியாகும் என்றும், நீட்டிக்க விரும்பினால் கைது, தண்டனை, விடுதலை ஆகியவற்றின் கணக்கை அவையில் வைத்து விவாதித்த பின்னரே வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்றும் திருத்தம் கொடுக்கக் கோருகிறேன். அந்த மசோதாவை நாடாளுமன்ற நிலைக்குழுவின் ஆய்வுக்கு அனுப்பச் செய்யுங்கள். அதன் தமிழ் வடிவம் வாக்கெடுப்புக்கு முன்பே மக்கள் கைக்குக் கிடைக்கச் செய்யுங்கள். இத்தகைய திருத்தத்தைக் கொடுப்பீர்களா என்பதைத் தொகுதி மக்களுக்கு எழுத்தில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டை வாக்காளர் ஒருவர்