ஆழத்தில் விமானம்: 12 லிட்டர் சிலிண்டர் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

பப்புவா நியூ கினியின் போகா போகா கிராமத்தருகே மூழ்கிக் கிடக்கும் ‘பிளாக் ஜாக்’ பி-17 குண்டுவீச்சு விமானம் பற்றி உங்கள் பயணப் பக்கத்தில் வந்த கட்டுரை, “ஸ்கூபா தெரிந்த எவரும் பார்க்கலாம்” என்கிறது. இது ஆபத்தான வரி.

இரண்டாம் உலகப் போரில், 1943 ஜூலையில், ஜப்பானியத் தளமான ரபாவுல் மீதான தாக்குதலிலிருந்து திரும்புகையில் கடலில் இறக்கப்பட்ட விமானம் அது. பத்துப் பேரும் பிழைத்தனர். அது கிடப்பது சுமார் 48 மீட்டரில். பொழுதுபோக்கு முக்குளிப்பின் வரம்பு 40 மீட்டர்.

கணக்கைப் பாருங்கள். 48 மீட்டரில் அழுத்தம் 5.8 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய கடல்மட்டக் காற்றழுத்தம்). மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் காற்று இழுப்பவர் அங்கே 116 லிட்டர் இழுப்பார். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் என்றால் 2400 லிட்டர்; 50 பாரை ஒதுக்கினால் பதினைந்து நிமிடம்தான். அதிலேயே இறங்கவும் ஏறவும் உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேற வழியில் நிறுத்தங்களில் காத்திருக்கவும் வேண்டும். துணைவருக்குக் காற்று தீர்ந்தால்? இரட்டைச் சிலிண்டர், தனித்தனி ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கத் தரும் கருவி), முன்கூட்டி எழுதிய ஏறுதல் திட்டம் இல்லாமல் இறங்கவே கூடாது.

நைட்ராக்ஸ், அதாவது ஆக்சிஜனை 32 சதவீதமாகக் கூட்டிய காற்று, உதவும் என்பதும் தவறு. ஆக்சிஜன் அழுத்தம் 1.86 பாருக்குப் போய் வலிப்பு வரலாம். அந்தக் கலவைக்கு 33 மீட்டர்தான் எல்லை. சாதாரணக் காற்றிலோ, ஆழத்தில் மூளையை மந்தமாக்கும் நைட்ரஜன் மயக்கம்; அழுத்த மானியைப் பார்த்தும் புரியாது.

விமான உடலுக்குள் நுழைய வேண்டாம். துடுப்பு ஒருமுறை அடித்தாலே வண்டல் கிளம்பி வழி மறைந்துவிடும். அரித்த அலுமினிய விளிம்பு கையுறையையும் கிழிக்கும்.

இப்படிக்கு,
ஆழ்கடல் முக்குளிப்புப் பயிற்றுநர்கள்