மகளுக்கு: வரன் பார்த்த வலைத்தளத்தில் கிடக்கும் உன் விவரங்கள் பற்றி

அம்பாசமுத்திரம்

அன்பு மகள் மதிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். பிசான நடவு முடிந்துவிட்டது, வாய்க்காலில் தண்ணீருக்குக் குறைவில்லை.

போனில் நீ கேட்டதற்கு ஆற அமரப் பதில் எழுத வேண்டும் என்று தோன்றியது. உனக்குக் கல்யாணமாகிக் குழந்தையும் பிறந்தாயிற்று. இன்னும் அந்த வரன் பார்க்கும் வலைத்தளம், உன் ஜாதகத்துக்குப் பொருத்தம் இருப்பதாக என் போனுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கிறது. உன் போட்டோ, பிறந்த நேரம், நட்சத்திரம், சம்பளம், நம் தெருப் பெயர் எல்லாம் அவர்களிடம் இருக்கிறது. "இது யார் சொத்துப்பா, என்னோடதுதானே?" என்று கேட்டாய். உன் கோபம் நியாயம்தான் தாயி.

சட்டம் அதை உன் சொத்து என்றும் சொல்லவில்லை, அவர்கள் சொத்து என்றும் சொல்லவில்லை. 2018-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தன் பரிந்துரையில், விவரத்துக்குச் சொந்தக்காரர் அந்த நபர்தான், நிறுவனம் வெறும் பாதுகாவலர் என்றது. ஆனால் 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொத்துப் பேச்சையே எடுக்கவில்லை. உனக்குச் சில உரிமைகள், அவர்களுக்குச் சில கடமைகள், அவ்வளவுதான்.

காலமெல்லாம் பத்திரம் எழுதியவன் சொல்கிறேன், இதுதான் உனக்கு நல்லது. சொத்து என்றால் விற்கலாம். கிரையப் பத்திரத்தில் 'புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது' என்று எழுதிக் கையெழுத்தும் விழுந்துவிட்டால், விற்றவனுக்கு அந்த வரப்பில் கால் வைக்கக்கூட உரிமை கிடையாது. 'சம்மதம்' என்று அழுத்தியதும் அப்படி ஒரு கிரையம் ஆகியிருந்தால், உன் ஜாதகம் அன்றைக்கே கைவிட்டுப் போயிருக்கும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் புட்டசாமி வழக்கில் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள். அதை யாருக்கும் எழுதிக்கொடுத்துவிட முடியாது.

அதனால் கொடுத்த சம்மதத்தை நீ எப்போது வேண்டுமானாலும் திரும்ப வாங்கலாம். கொடுப்பது எவ்வளவு சுலபமோ, திரும்ப வாங்குவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்கிறது புதுச் சட்டம். வேறு சட்டப்படி வைத்திருந்தே ஆக வேண்டியது போக, மற்றதை அவர்கள் அழித்தாக வேண்டும். விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியமான பிரிவுகள் நடைமுறைக்கு வர ஒன்றரை வருஷ அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அதற்காக நீ காத்திருக்காதே, இப்போதே எழுதிவிடு.

ஒன்றுதான் எனக்கு மனசு ஆறவில்லை. விவரத்தைப் பத்திரமாக வைக்காமல் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. அத்தனையும் அரசாங்கக் கஜானாவுக்குத்தான் போகும். விவரம் களவு போன பிள்ளைக்கு இந்தச் சட்டத்தில் சல்லிக்காசு கிடையாது. இதைத் திருத்தத்தான் வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மெயில் உன் பெயரில் உன் முகவரியிலிருந்து போகட்டும், உரிமை உன்னுடையது. பதிவு என் நம்பரில் இருப்பதால் அதையும் குறிப்பிடு. என்னென்ன வைத்திருக்கிறீர்கள், யார் யாருக்குக் கொடுத்தீர்கள் என்று முதலில் கேள். அப்புறம் எல்லாவற்றையும், அவர்களுக்காக வேலை பார்க்கும் நிறுவனங்களிடம் இருப்பதையும் சேர்த்து, அழிக்கச் சொல். அனுப்பியதன் நகலை எடுத்து வை. அந்த ஒன்றரை வருஷ அவகாசம் முடிந்த பிறகும் அசையாமல் இருந்தால் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்குப் போகலாம். அந்த மனுவை நானே எழுதித் தருகிறேன்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அப்பா