பாராளுமன்றக் கலைப்புக்கான தடைக்காலத்தை மீண்டும் நாலரை ஆண்டாக்கக் கோரும் மனு

கௌரவ நீதி, தேசிய ஒருமைப்பாட்டு அமைச்சர் அவர்கட்கு,
கொழும்பு.

கௌரவ ஐயா,

கிளிநொச்சி மாவட்ட நெற்செய்கையாளர்களாகிய நாங்கள் தங்கள் மேலான கவனத்துக்குச் சமர்ப்பிப்பது:

இப்போதைய பாராளுமன்றம் 2024 நவம்பர் 21 அன்று முதன்முதலாகக் கூடியது. அதிலிருந்து இரண்டரை ஆண்டுக்கு ஜனாதிபதி தாமாக அதைக் கலைக்க முடியாது. அந்தத் தடைக்காலம் 2027 மே மாதத்தில் முடிகிறது. அதன்பின் அதைக் கலைப்பதற்கு ஜனாதிபதியின் விருப்பம் ஒன்றே போதும். யார் அந்தப் பதவியில் இருந்தாலும் இது ஆபத்தானது என்பதே எங்கள் மனு.

1978 அரசியலமைப்பில் இந்தத் தடைக்காலம் ஒரே ஒரு வருடம்தான். 2000 ஒக்டோபரில் தெரிவான பாராளுமன்றம், நம்பிக்கையில்லாப் பிரேரணை வரவிருந்த வேளையில், வருடம் முடிந்த கையோடு 2001 ஒக்டோபரில் கலைக்கப்பட்டது. 2015இல் 19ஆம் திருத்தம்தான் அதை நாலரை ஆண்டாக்கியது. அந்த நாலரை ஆண்டு முடியுமுன் கலைப்பதென்றால் பாராளுமன்றமே மூன்றில் இரண்டு பெரும்பான்மையால் கேட்க வேண்டும்.

அந்த வாசகத்தின் பெறுமதியை 2018இல் நாடே கண்டது. பிரதமரை நீக்கிய ஜனாதிபதி, நவம்பர் 9, வெள்ளிக்கிழமை இரவு வர்த்தமானி மூலம் பாராளுமன்றத்தையும் கலைத்தார். நான்காம் நாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. நவம்பர் 16 அன்று சபாநாயகர் பொலிஸார் புடைசூழ அவைக்குள் வர, மிளகாய்த்தூளும் கதிரைகளும் வீசப்பட்டன. ஆனாலும் அவை கூடியது. டிசம்பர் 13 அன்று ஏழு நீதியரசர்களும் ஒருமனதாக, நாலரை ஆண்டுக்கு முன் கலைத்தது அரசியலமைப்புக்கு முரண் எனத் தீர்ப்பளித்தார்கள். இன்றைய சட்டம் அன்று இருந்திருந்தால் அந்த வழக்கு நின்றிருக்காது. அப்பாராளுமன்றம் மூன்று ஆண்டைத் தாண்டியிருந்தது.

2020இல் 20ஆம் திருத்தம் அதை இரண்டரை ஆண்டாகக் குறைத்தது. காலிமுகத்திடல் போராட்டத்தின் பின் வந்த 21ஆம் திருத்தம், உயர் பதவி நியமனங்களுக்கு ஒப்புதல் தரும் அரசியலமைப்புப் பேரவையை மீட்டுத் தந்தது, இதை மட்டும் அப்படியே விட்டுவிட்டது.

விவசாயிகளுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை, வர்த்தமானியாக எங்கள் தலையில் இறங்கியது. அவ்வருடக் காலபோகத்தில் யூரியா இல்லாமல் பயிர் மஞ்சள் பற்றி நின்றது. 20ஆம் திருத்தத்துக்கு 156 பேர் கை உயர்த்திய பாராளுமன்றத்தில் எங்களுக்காகத் தடுத்துக் கேட்கத் திராணியிருக்கவில்லை. எப்போது வீட்டுக்கு அனுப்பப்படுவோம் என்று அஞ்சும் உறுப்பினர் எந்த அமைச்சரை எதிர்த்துக் கேள்வி கேட்பார்? தெரிவான சபை இல்லாத வாழ்வும் எங்களுக்குத் தெரியும்: வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தபின் ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநரே மாகாணத்தை நடத்துகிறார். அதற்குத் தனியே மனுச் செய்வோம்.

நிறைவேற்று அதிகார ஜனாதிபதி முறையை ஒழிப்பதாகத் தங்கள் கட்சி வாக்குறுதி அளித்தது. புதிய அரசியலமைப்புக்குக் காலம் எடுக்கும் என்பதை ஏற்கிறோம். இந்த ஒரு திருத்தத்துக்கு அவ்வளவு காலம் தேவையில்லை. 19ஆம் திருத்தம் சர்வசன வாக்கெடுப்பு இன்றியே நிறைவேறியது. தேவையான 150 வாக்குகளுக்கு மேல், 159 ஆசனங்கள் தங்களிடமே உள்ளன.

ஆகவே, நாலரை ஆண்டுத் தடைக்காலத்தையும் மூன்றில் இரண்டு பெரும்பான்மை நிபந்தனையையும் மீட்கும் சட்டமூலத்தை 2027 மே மாதத்துக்கு முன் கொண்டுவருமாறும், அது இப்போதைய ஜனாதிபதியையும் கட்டுப்படுத்த வேண்டுமென்றும், இம்மனுவுக்குத் தமிழில் எழுத்துமூலம் பதில் தருமாறும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
கீழே கையொப்பமிடும் நெற்செய்கையாளர்கள்,
கிளிநொச்சி.