நடுவில் நிற்கும் எழுத்துக்கு நன்றி

அன்புடையீர்,

திருப்பூரில் வேலை பார்க்கும் அப்பாவுக்கு என் மகள் போன வாரம் ஒரு பக்கக் கடிதம் எழுதினாள். மூன்றாம் வகுப்பு முடித்த பிள்ளை. ஒரு பிழை இல்லை. படித்துவிட்டு அவர் போனில் அழுதார். அந்தக் கடிதத்தில் உங்கள் எல்லாருக்கும் பங்குண்டு. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

நாலு வயதில் பஸ் நிலையத்தில் நின்று கேட்டாள்: "அந்த பஸ்ல கோவில்பட்டி, இந்த பஸ்ல கோயில்பட்டி. எதும்மா சரி?" எட்டாவதோடு நின்றவள் நான். பக்கத்துத் தெருத் தமிழையாவிடம் கூட்டிப் போனேன். ஐயா, சின்னப் பிள்ளை கேள்விதானே என்று நீங்கள் தள்ளவில்லை. திண்ணையில் உட்காரவைத்து, "கோன்னா அரசன், இல்லுன்னா வீடு. ரெண்டு உயிரெழுத்து ஒண்ணோட ஒண்ணு முட்டக்கூடாதுல்லா, அதான் நடுவுல ஒரு ஆளு வந்து நிக்கான்" என்றீர்கள். இலக்கணப்படி அந்த ஆள் 'வ்', ஆனால் தேவாரத்திலேயே 'கோயில்' இருக்கிறது, இரண்டும் சரிதான் என்றும் சொன்னீர்கள். அன்றிலிருந்து தெருவோரம், மணியோசை என்று எதைப் பார்த்தாலும் "நடுவுல யாரு நிக்கா?" என்பதே அவள் விளையாட்டு.

தீப்பெட்டி ஆபீஸ் அண்ணாச்சி, அச்சுப் பிசகிய லேபிள்களைக் கட்டுக்கட்டாகக் கொடுத்துவிட்டீர்கள். வலி, வளி, வழி எல்லாம் அவற்றின் முதுகில்தான் எழுதிப் பழகினாள்.

எங்கள் வீட்டில் எல்லாருக்கும் வாழைப்பழம் 'வாளப்பளம்'தான். அவளும் அப்படியே எழுதினாள். இல்லம் தேடிக் கல்வி அக்கா அதைச் சிவப்பு மையில் அடிக்காமல், கண்ணாடியைக் கையில் கொடுத்தார். 'ள' சொன்னால் நாக்கு மேலே தொடும், 'ழ'வுக்குத் தொடாமல் வளைந்து நிற்கும் என்று அவளே பார்த்துக் கண்டுபிடித்தாள். பக்கத்தில் நின்று நானும் கற்றேன்.

எங்கள் ஆச்சி 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் படித்தவர். 'லை' எழுதினால் தும்பிக்கை தூக்கிய மாதிரி கொம்பு வரும். "ஆச்சி தப்பா எழுதுறா" என்று இவள் சொன்னதும் ஆச்சி எழுதுவதையே விட்டுவிட்டார். கிளை நூலகர் சார், அலமாரியில் தேடி ஒரு பழைய புத்தகத்தை எடுத்து அதே எழுத்தைக் காட்டினீர்கள். வீட்டுக்கு ஓடிவந்து ஆச்சி கையில் பேனாவைத் திணித்தாள். அந்த ஒரு சாயங்காலத்துக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன் சார்?

247 எழுத்தையும் கடகடவென்று ஒப்பிக்கச் சொல்லிப் படம் எடுக்க ஒருவர் வந்தார். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. "பிள்ளையக் கேள்வி கேக்க விடும்மா" என்று தடுத்தது தமிழையாதான். தடுத்ததற்கும் நன்றி ஐயா.

இப்போது 'சிவப்பு', 'சிகப்பு' இரண்டையும் ஒரு லேபிளில் எழுதி வைத்துக்கொண்டு தூங்காமல் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் திண்ணைக்குக் கூட்டி வருகிறேன்.

நன்றியுடன்,
அவள் அம்மா,
கோவில்பட்டி